ஸ்ட்ரிக்டான காலேஜ்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே தமிழ்நாட்டுத் தகப்பனார்கள் துப்பறியக் கிளம்பிவிடுகிறார்கள். டீக்கடையில், கல்யாணப் பந்தியில், பேங்க் வரிசையில் யாரைப் பார்த்தாலும் ஒரே விசாரணை. அந்தக் காலேஜில் நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. பாடம் நடத்துகிறவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் நிலைக்கிறார்களா, ஆய்வகத்து மெஷின் ஓடுமா அல்லது பெயின்ட் அடித்து நிறுத்தி வைத்ததா என்பதெல்லாம் பேச்சுக்கே வராது. கேள்வி ஒன்றுதான்: “காலேஜ் ஸ்ட்ரிக்டா?” “ரொம்ப ஸ்ட்ரிக்டுங்க. பசங்களும் பொண்ணுங்களும் ஒரு வார்த்தை பேசிக்க முடியாது” என்று பதில் வந்துவிட்டால் போதும், அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் குழு வந்து தங்கி, விருந்துண்டு, கொடுத்துவிட்டுப் போகும் ஏ பிளஸ் பிளஸ் எல்லாம் இந்த ஒரு வரிச் சான்றிதழுக்கு முன்னால் நிற்காது.

பேசிக்க முடியாது. ஒரு கல்லூரியைப் புகழ நாம் கண்டுபிடித்திருக்கும் வாக்கியம் இது. ஜெயில் சூப்பிரண்டென்டிடம் இப்படிப் பாராட்டிச் சொன்னால்கூடக் கூச்சப்படுவார். நம் கல்வித் தந்தையர் இதை அட்மிஷன் நோட்டீஸில் ‘ஒழுக்கம்’ என்ற தலைப்பின் கீழ் கலரில் அச்சடிக்கிறார்கள்.

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. இன்று நானூறுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். பொறியியலில் இவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் நிர்வாகவியலில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தனியாக இருக்கிற பையன் மெஸ் சாம்பாரில் புழு கிடந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவான். நான்கு பேர் சேர்ந்திருந்தால் தட்டைக் கொண்டுபோய் வார்டன் மேஜையில் வைப்பார்கள். நாற்பது பேர் சேர்ந்திருந்தால் ‘இதர கட்டணம்’ என்று வாங்கினீர்களே, அதற்கு ரசீது எங்கே என்று கேட்பார்கள். ஆகவே நாலு பேர் சேராமல் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கான சிறந்த பருவம் முதலாமாண்டு. அப்போதுதான் எவனுக்கும் எவனையும் தெரியாது. அந்த நிலையை அப்படியே காப்பாற்றிவிட்டால் நான்கு வருடமும் கவலையில்லை.

மாநாடுகளிலும் ஞாயிறு மலர்களிலும், “இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் கல்லூரிக்குப் போயும் தனித்துக் கிடக்கிறார்கள்? செல்போன், சமூக வலைத்தளம், கூட்டுக் குடும்பச் சிதைவு” என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இத்தனை செலவு செய்து, இத்தனை ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து, பிளான் போட்டுக் கட்டிய சுவரைக் காற்றில் தானாக முளைத்தது என்கிறார்களே.

அந்தப் பிளானைக் கொஞ்சம் பார்ப்போம். காலை ஆறரைக்குக் காலேஜ் பஸ் வரும். முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி பையன்களுக்கு. எல்லைக்கோட்டில் ஆசிரியர்கள். ‘பஸ் இன்சார்ஜ்’ என்று ஒரு பதவி உண்டு. அதில் இருப்பவர் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவராக இருப்பார். நானோ துகள்களைப் பற்றிக் கட்டுரை எழுதியிருப்பார். இப்போது அவருடைய ஆராய்ச்சி, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் எந்தத் தலை எந்தப் பக்கம் திரும்பியது என்பது. கேட்டில் இறங்கினால் டக்-இன், ஷூ, முகச்சவரம், தலைமுடி சோதனை. கழுத்தில் தொங்கும் டேகின் நிறத்தை வைத்து எந்த வருடம், ஹாஸ்டலரா டே ஸ்காலரா என்று ஐம்பதடி தூரத்திலேயே தெரிந்துவிடும். மாடிப்படி இரண்டு. கேன்டீனில் கவுன்டர் இரண்டு. சில இடங்களில் நூலகத்துக்கே நேரம் இரண்டு. மீறினால் முதல் முறை அபாலஜி லெட்டர், இரண்டாம் முறை அபராதம், மூன்றாம் முறை அப்பா. அண்ணனும் தங்கையும் ஒரே காலேஜில் படித்து, வராந்தாவில் நின்று பேசினாலும் டிசிப்ளின் ஸ்குவாட் வரும். “கூடப் பிறந்தவ சார்” என்றால் சும்மா விடுவார்களா? இனி அட்மிஷன் சமயத்தில் ரேஷன் கார்டையும் லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிவிடலாம்.

முதலாமாண்டுக்குத் தனி பிளாக். அதை ஆள்வது ‘எஸ் அண்ட் ஹெச்’ துறை. கணக்கு, இயற்பியல், வேதியியல், இங்கிலீஷ் நடத்துகிறவர்கள். மெக்கானிக்கல் சேர்ந்த பையன் மெக்கானிக்கல் கட்டடத்தையே இரண்டாம் வருடத்தில்தான் ஒழுங்காகப் பார்ப்பான். பிரேக் பத்து நிமிடம். அதில் வராந்தாவில் நிற்கக் கூடாது. வகுப்பில் உட்காரும் வரிசை நிர்வாகம் போட்டுத் தந்தது. ஆய்வகத்தில் பேட்ச் பிரிப்பது ரிஜிஸ்டர் நம்பர்படி. ஆக, அருண்குமாருக்கு அருள்ராஜ் கிடைப்பான், விக்னேஷுக்கு விஜய் கிடைப்பான். அருணுக்கும் விக்னேஷுக்கும் நடுவில் ஐம்பது பெயர், நாலு வருடம். ஆங்கில அகரவரிசை அருளிய ஒரே சிநேகிதனும் ஒத்துவராமல் போய்விட்டால் அந்தப் பையன் கதி அதோகதி. ஹாஸ்டலில் ஒரு அறையில் நாலு பேர் கொஞ்சம் நெருக்கமாகிவிட்டார்கள் என்று வார்டனுக்குத் தெரிந்தால், அடுத்த செமஸ்டரில் நாலு பேரும் நாலு மாடி.

இதோடு “கேம்பஸ்ல இங்கிலீஷ்லதான் பேசணும்” என்ற போர்டு வேறு. நாமக்கல் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். பையன்களோடு பேசக் கூடாது, சீனியரோடு பேசக் கூடாது, வராந்தாவில் பேசக் கூடாது, பஸ்ஸில் பேசக் கூடாது. மிச்சமிருக்கிற இடத்தில், மிச்சமிருக்கிற ஆளோடு, தெரியாத பாஷையில் பேசிக்கொள்ளலாம். எவ்வளவு பெருந்தன்மை!

முதல் மாதத்தில் இன்னொரு சடங்கு நடக்கும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஆபீஸ் அட்டெண்டர் ஒரு தாளோடு வருவார். மேம் வாங்கி உரக்கப் படிப்பார். “ஃபர்ஸ்ட் கிராஜுவேட் எல்லாம் எழுந்திருங்க. செவன் பாயின்ட் ஃபைவ் யாரு? கை தூக்குங்க. எஸ்.சி. ஸ்காலர்ஷிப் லிஸ்ட்ல இருக்கவங்க கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட் ஜெராக்ஸ் எடுத்துட்டு ஆபீஸ் போங்க.” குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை என்பது 2010-ல் இந்த மாநிலம் பெருமையோடு கொண்டுவந்த திட்டம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு என்பது 2021-ல் சட்டமானது; படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று அறிவிப்பும் வந்தது. எத்தனை தலைமுறைப் போராட்டத்தின் பலன்! அதை அறுபது பேர் முன்னால் எழுந்து நிற்கிற தண்டனையாக மாற்ற ஒரு தாளும் இரண்டு நிமிடமும் போதுமாக இருக்கிறது. யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்தால் ராகிங், சட்டம் பாயும். ஆபீஸ் கேட்டால் அது நிர்வாக நடைமுறை. யார் யாரோடு சேரக் கூடாது என்ற பட்டியலைக் கல்லூரியே வாசித்துக் கொடுத்துவிட்டது. அன்று மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும்போது யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். “கட்-ஆஃப் எவ்ளோ?” என்பது முதல் கேள்வி. “எந்த ஊரு?” என்பது அடுத்தது. “ஊர்ல எந்தப் பக்கம்?” என்பதோடு விசாரணை முடிகிறது. அதற்கப்புறம் அந்தப் பையனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மேடையில் கரஸ்பாண்டன்ட் மைக்கைத் தட்டிச் சொல்வார்: “நம்ம கேம்பஸ்ல ஜாதிங்கிற பேச்சுக்கே இடமில்லை.” உண்மைதான். பேச்சுக்கே இடமில்லாத கேம்பஸில் ஜாதிப் பேச்சுக்கு மட்டும் எப்படி இடமிருக்கும்? ஆனால் அந்தத் தனித்தனி மாடிப்படி எதற்காகக் கட்டப்பட்டது என்று அவருக்கும் தெரியும், கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் தெரியும். கட்டுகிற பணத்தில் ஒரு பகுதி படிப்புக்கு. மிச்சம், பிள்ளை வேற்றுச் சாதியில் மனசைக் கொடுத்துவிடாமல் இருக்க இன்சூரன்ஸ் பிரீமியம். பொண்ணு என்றால் பாலிசி கொஞ்சம் கடுமை: ஆறு மணிக்கு ஹாஸ்டல் கேட் பூட்டு, பார்க்க வருகிறவர்களின் போட்டோ ஒட்டிய விசிட்டர் கார்டு, அதில் அம்மா, அப்பா, அதிகம் போனால் சித்தப்பா. 2015-ல் டெல்லியில் மாணவிகள் இந்தப் பூட்டை எதிர்த்து ‘பிஞ்ச்ரா தோட்’ (கூண்டை உடை) என்று தெருவுக்கு வந்தார்கள். இங்கே அந்தச் செய்தி வந்த பத்திரிகையை ஹாஸ்டல் ரீடிங் ரூமில் போட்டிருக்க மாட்டார்கள்.

அதே 2015-ல், ஜூன் மாதம், திருச்செங்கோடு மலைக்கோயிலில் பொறியியல் படித்து முடித்த கோகுல்ராஜ் தன்னோடு படித்த பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். கோகுல்ராஜ் தலித். அடுத்த நாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. ஏழு வருடம் கழித்து 2022 மார்ச்சில் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கூடப் படித்தவளோடு பேசியதுதான் அந்த இளைஞன் செய்த காரியம். கொலைகாரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் நம் ஒழுக்கக் குழுக்களுக்கும் வழிமுறையில் மலையளவு வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடப் படிக்கிற ஆணும் பெண்ணும் பேசுவது குற்றம் என்ற தீர்ப்பில் இவர்களுக்குள் என்ன கருத்து வேறுபாடு என்று எந்தப் பிரின்சிபாலாவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்வேன்.

இதைச் சொன்னவுடன் ஒருவர் எழுந்து, “அப்போ ராகிங் பண்ணட்டும்கிறீங்களா? ரூட்டு தல, பஸ் டேன்னு ரவுடித்தனம் பண்ணட்டும்கிறீங்களா?” என்பார். இந்தக் கேள்விக்காகவே நாவரசுவின் பெயரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். 1996 நவம்பரில் சிதம்பரத்தில், முதலாமாண்டு மருத்துவ மாணவன் நாவரசு மூத்த மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டதை இந்த மாநிலம் மறக்காது, மறக்கவும் கூடாது. அதன் விளைவுதான் 1997-ன் ராகிங் தடைச் சட்டம். 2009-ல் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற முதலாமாண்டு மாணவன் சீனியர்கள் அடித்து இறந்த பிறகு, யு.ஜி.சி. நாடு முழுவதற்கும் விதிமுறை போட்டது. அதில், புதியவர்களை இயன்றவரை தனி விடுதிப் பகுதியில் தங்க வையுங்கள் என்று இருக்கிறது. நம் ஆட்கள் அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுவர் கட்டிவிட்டார்கள். அதே விதிமுறையில், மூத்தவர்களும் புதியவர்களும் பழகக் கலை நிகழ்ச்சியும் விளையாட்டும் பெரிய அளவில் நடத்துங்கள், துறைதோறும் மூத்த மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வரவேற்பு விழா வையுங்கள், முடிந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் வையுங்கள் என்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் ஜெராக்ஸ் மெஷினில் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது. இரண்டு பையன்களின் சாவிலிருந்து வந்த விதியில் காம்பவுண்டு கட்ட உதவுகிற வாக்கியத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தவரை இதற்குப் பெயர் மாணவர் பாதுகாப்பு அல்ல, பிண வியாபாரம்.

சீனியர் என்றால் என்ன? அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது என்று சொல்லத் தெரிந்த ஒரே ஜீவன் அவன்தான். ரீவேல்யுவேஷனுக்கு எப்படிப் போடுவது, பழைய கேள்வித்தாள் எந்த ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும், எந்தக் கட்டணம் உண்மையானது, எது ஆபீஸாகப் பார்த்துச் சேர்த்தது, எந்த வாத்தியார் கோபப்பட்டாலும் நல்லவர், இதெல்லாம் அவன் வாயிலிருந்து வர வேண்டிய பாடங்கள். ஒரு அண்ணன் தோளில் கை போட்டு, “விட்றா தம்பி, எனக்கும் எம்-ஒன்ல போச்சு” என்று சொல்வதற்கு ஈடான மருந்து எந்த மனநல மையத்திலும் இல்லை. அந்த அண்ணனைத்தான் முதலில் அப்புறப்படுத்தினார்கள். ராகிங் ஒழிந்ததா? அதட்டுவது, சட்டைக் காலரைப் பிடிப்பது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது, தலைமுடியை வெட்டச் சொல்வது, மணிக்கணக்கில் ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நிற்க வைப்பது எல்லாம் அப்படியே இருக்கிறது. முன்பு சீனியர்கள் இலவசமாகச் செய்தார்கள். இப்போது ஸ்குவாட் சம்பளத்துக்குச் செய்கிறது. சுவரெங்கும் 1800-180-5522 என்று ராகிங் புகார் எண் எழுதியிருக்கிறது. டிசிப்ளின் கமிட்டி மேல் அந்த எண்ணில் புகார் கொடுத்துப் பார் என்று எந்தப் பிரின்சிபாலும் சொன்னதாகக் கேள்வியில்லை.

இந்த நாட்டில் நல்ல எண்ணத்துக்கும் குறைவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. 2017 வாக்கில் மூன்று வார அறிமுகத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வந்தவுடனே பாடத்தைத் திணிக்காதீர்கள். ஓட விடுங்கள், வரைய விடுங்கள், ஊரைச் சுற்றிப் பார்க்க விடுங்கள். இருபது இருபது பேராகச் சேர்த்து ஒரு ஆசிரியரைத் துணைக்குப் போடுங்கள், பேசிப் பழகட்டும் என்பது கருத்து. தங்கமான கருத்து. அது நம் ஆடிட்டோரியத்துக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது? பையன்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், நடுவில் ஸ்குவாட். மேடையில் தன்னம்பிக்கைப் பேச்சாளர். முதல் அரை மணி நேரம் அப்துல் கலாம். அடுத்த அரை மணி நேரம் ஜோக். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு வயலின் இசையோடு அம்மாவைப் பற்றி ஆரம்பிப்பார். உன் அம்மா பட்டினி கிடந்தாள், உன் அப்பா செருப்பில்லாமல் நடந்தார், நீ என்ன செய்கிறாய்? எண்ணூறு பிள்ளைகள் இருட்டில் தேம்பித் தேம்பி அழும். பக்கத்தில் அழுகிறவன் பெயர் இவனுக்குத் தெரியாது. இவன் பெயர் அவனுக்குத் தெரியாது. விளக்கு எரிந்ததும் வரிசையாக வெளியே போகச் சொல்வார்கள். அழுகிற போட்டோ மறுநாள் காலேஜ் ஃபேஸ்புக் பக்கத்தில் வரும். அந்த இருபது பேர் குழுவின் மென்டர்? அவர் பொறுப்பு, ஆப்சென்ட் என்றால் பத்து மணிக்குள் வீட்டுக்குப் போன் போடுவது.

பாடத்திட்டமும் தன் பங்குக்கு வேடிக்கை காட்டுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டரிலேயே ‘தமிழர் மரபு’ என்று ஒரு தாள் உண்டு. அதில் திணைக் கோட்பாடு உண்டு. அகம், புறம் உண்டு. குறிஞ்சி நிலத்தில் தலைவனும் தலைவியும் யார் அனுமதியும் வாங்காமல் சந்தித்துக்கொண்டதைத் தமிழர் பெருமை என்று பிள்ளைகள் எழுதி மார்க் வாங்க வேண்டும். எழுதி முடித்துவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வரிசைப் பெண்ணிடம் போனால் அபாலஜி லெட்டர். தலைவன் நம் காலத்தில் சேர்ந்திருந்தால் களவு முதல் இன்டர்னலுக்கு முன்பே சஸ்பென்ஷனில் முடிந்திருக்கும். தோழி வேறு, தகவல் கொண்டுபோன குற்றத்துக்காக ஹாஸ்டலை விட்டு நீக்கப்பட்டிருப்பாள்.

அந்த ஸ்குவாட் ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. கொஞ்சம் யோசித்தால் அது தணிந்தும் விடுகிறது. ஏ.ஐ.சி.டி.இ. சொல்லும் சம்பளத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். கோடையில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடித்துத் தர வேண்டும். மாடிப்படிக்குக் காவல் நிற்க வேண்டும். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் ஆபீஸ் பீரோவில் இருக்கும். அவர்களையும் இரண்டு பேராகச் சேர்ந்து நின்று டீ குடிக்க விடுவதில்லை என்று வையுங்கள், அதுவும் அதே பிளானில் உள்ளதுதான்.

செல்போனுக்கு வருவோம், பழி முழுவதும் அதன் மேல்தானே. போனே கதி என்று கிடக்கிறார்களாம். கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்கிற கல்லூரிகள் உண்டு. ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் திருப்பித் தருகிறவர்கள் உண்டு. மனிதர்களோடும் பேசாதே, போனிலும் பேசாதே. பிறகு அந்த ஒரு மணி நேரத்தில் பையன் தன் ஸ்கூல் சிநேகிதனோடு பேசுவதா, அம்மாவோடு பேசுவதா என்று தவிக்கும்போது, “பார்த்தீங்களா, எப்பவும் போன்தான்” என்பார்கள். வகுப்புக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். அதில் அட்மின் மட்டுமே எழுதலாம்.

2017 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடினார்கள். கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள். பையனும் பெண்ணும், முதல் வருடமும் கடைசி வருடமும், நூறு காலேஜின் பிள்ளைகள் ராத்திரி பகலாக ஒரே மணலில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றினார்கள், குப்பையைப் பொறுக்கினார்கள், பெண்கள் பயமில்லாமல் தூங்கினார்கள். ஜல்லிக்கட்டைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி; ஸ்குவாட் இல்லாமல் வானம் இடிந்து விழவில்லை. இடிந்தது வேறு சிலரின் தூக்கம். 1965-ல் இந்தி எதிர்ப்பில் மாணவர்கள் சேர்ந்து நின்றதால் இந்த மாநிலத்தில் என்னவெல்லாம் புரண்டது என்று தெரிந்தவர்கள்தானே பின்னாளில் கல்லூரி கட்டினார்கள். மாணவர் தேர்தலுக்கு லிங்டோ குழு 2006-ல் வழிமுறை எழுதிக் கொடுத்தது. நம் சுயநிதி வளாகத்தில் மாணவர் தலைவர் என்றால் ஹெச்.ஓ.டி. கைகாட்டிய, கோட்டு போட்டு, சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கிற பையன்.

ஆக, தனிமை தயார். அதற்கு மருந்தும் அதே கடையில் விற்பனைக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை என்று அறிக்கை வெளியிட்டது. அதே வருடம் மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தை ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. கல்லூரிகள் சுறுசுறுப்பானவை; போர்டு எழுதி மாட்டிவிட்டன. ‘மாணவர் மனநல ஆலோசனை மையம்.’ உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் செடி. பொறுப்பு, இங்கிலீஷ் துறையில் யாரோ ஒருவருக்குக் கூடுதலாக. “எனக்கு இங்க பேச யாருமே இல்ல மேம்” என்று ஒரு பெண் தைரியம் வந்து சொல்லிவிட்டாள் என்று வையுங்கள். அன்று மாலையே அப்பாவுக்குப் போன் போகும்: “சார், உங்க பொண்ணுக்கு கான்சன்ட்ரேஷன் இல்ல. ஏதாவது லவ் மேட்டரான்னு விசாரிங்க.” அதற்கப்புறம் அந்த அறைக்கு யார் போவார்கள்? நாக் குழு போகும், போட்டோ எடுக்க.

மூன்று வருடம் இப்படி ஓடும். பிறகு ஒருநாள் பிளேஸ்மென்ட் செல் விழித்துக்கொள்கிறது. கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், குரூப் டிஸ்கஷன் வைக்கிறார்கள், பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்! என்ன கொடுமை! எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்தால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்த பையன் வியர்த்து விறுவிறுத்துப் போகிறான். உடனே சென்னையிலிருந்து டிரெய்னர் வரவழைக்கப்படுகிறார். ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்.’ கட்டாயம், எல்லாருக்கும், கட்டணம் தனி. கைகுலுக்குவது எப்படி, கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி, அறிமுகமில்லாதவரிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி. முதல் வருடத்தில் எவையெல்லாம் அபராதத்துக்குரிய குற்றமாக இருந்தனவோ அவையெல்லாம் வரிசை தவறாமல் இறுதியாண்டில் பாடம். பிடித்த அபராதத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்காதீர்கள்.

கடைசி நாள் ஹெச்.ஆர். ரவுண்டு. அந்த மேஜையில் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டா உங்களைப் பத்தி என்ன சொல்வாங்க?” பையன் தயங்க மாட்டான். டிரெய்னர் கொடுத்த தாளில் பதினொன்றாம் கேள்வி அதுதான், பதிலோடு. “ஹார்டு வொர்க்கிங், ஹெல்ப்ஃபுல், டீம் பிளேயர் சார்.” அந்தத் தாளுக்கு வாங்கிய காசுக்கும் ரசீது கொடுத்திருக்க மாட்டார்கள்.